வட்டில் இடம் எங்கே?
படம் திருத்தும் இரு மென்பொருள்கள் பற்றி ஒரு மதிப்பீடு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும். தென்பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல்நீரோ முகத்துவாரத்தின் வழியே உள்ளே வருகிறது. இவ்விரண்டும் கலந்த நீரில்தான் இறாலும் மடவையும் நண்டும் வளர்கின்றன. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கடல்நீரும் வராது, இறால் குஞ்சும் வராது. படகும் கடலுக்குப் போக இயலாது. ஆகவே, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று ஒரு மீனவர் கேட்டால், வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேட்பதாகவே பொருள்.

முகத்துவாரம் எப்போது அடைபட்டது, எவ்வளவு அடைபட்டது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பவை கரையில் வாழ்வோருக்குக் கண்ணால் கண்ட செய்திகள். ஆனால் கண்ணால் கண்டதை மனுவில் எழுதினால் அதற்குச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றை இன்று விண்ணிலிருந்து பெறலாம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவிலிருந்துதான் 1994-இல் ஐ.ஆர்.எஸ்.-பி2, 2003-இல் ரிசோர்ஸ்சாட்-1 முதலிய தொலையுணர் செயற்கைக் கோள்கள் ஏவப்பட்டன. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களை 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் அவ்வாறே கிடைக்கின்றன. அத்திட்டத்தின் முதல் கோள் 2015-இலும், இரண்டாவது 2017-இலும் ஏவப்பட்டன. இரு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன.

படம் இலவசம், இணையம் இருக்கிறது, மீனவர் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறார். ஒரு பழைய மடிக்கணினியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி என்ன குறை? குறை தொடங்குவதே இங்கேதான். படத்தைத் திறந்து, தண்ணீரும் மணலும் பிரிந்து தெரியும்படி திருத்த முற்பட்டால், பாதி வேலையில் 'வட்டு நிரம்பிவிட்டது' என்ற செய்தி திரையில் தோன்றுகிறது. படமே 100 சொச்சம் மெகாபைட்தான். வட்டில் 10 ஜிகாபைட் காலியாக இருந்தது. அந்த இடம் எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை காண்பதும், படம் திருத்துவதில் பெயர்பெற்ற போட்டோஷாப், கிம்ப் ஆகிய இரு மென்பொருள்களும் இவ்வகையில் பயன்படுத்துவோரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கின்றன என்று மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

ஒரு படத்தின் உண்மையான எடை

சென்டினல்-2 படங்கள் துண்டு துண்டாக வழங்கப்படுகின்றன. ஒரு துண்டின் ஒவ்வொரு பக்கமும் 109.8 கிலோமீட்டர். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், ஒரு பக்கத்தில் 10,980 புள்ளிகள். மொத்தப் புள்ளிகள் 10,980 x 10,980. அதாவது 12 கோடியே 5 லட்சத்துக்கு மேல்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் தேவை. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்று கொண்டால், 36 கோடி பைட், அதாவது 360 மெகாபைட் ஆகிறது. வட்டில் கிடக்கும் கோப்பு இதைவிடச் சிறியதாக இருப்பதற்குக் காரணம், அது சுருக்கி வைக்கப்பட்டிருப்பதுதான். உலர்ந்த கருவாட்டைப் போல அது சிறு கூடையில் அடங்கும். ஆனால் சுருக்கிய நிலையில் படத்தைத் திருத்த முடியாது. திறந்தவுடன் அது தன் முழு உருவத்துக்கு விரிந்துவிடுகிறது.

இத்துடன் முடிவதில்லை. நுண்மையான திருத்தங்களுக்காக ஒவ்வோர் எண்ணையும் நான்கு பைட்டில், பதின்மப் புள்ளி எண்ணாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நிறங்கள் மூன்றோடு ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் நான்காவது எண்ணும் சேர்ந்தால், ஒரு புள்ளிக்கு 16 பைட். அப்போது அதே படம் 193 கோடி பைட், ஏறத்தாழ 1.93 ஜிகாபைட். கோப்பின் அளவை மட்டும் பார்த்துப் படத்தின் எடையை அறிய இயலாது என்பது இதனால் விளங்கும்.

இனி, 'அன்டூ' என்ற வசதியைக் கவனிப்போம். செய்த திருத்தம் பிடிக்கவில்லையெனில் பின்னோக்கிச் செல்ல அது உதவுகிறது. பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் பழைய படம் எங்கேனும் இருந்தாக வேண்டுமல்லவா? படம் முழுவதையும் தொடும் ஒவ்வொரு திருத்தத்துக்கும், திருத்துவதற்கு முன்னிருந்த ஒரு முழுப்படி காப்பாற்றப்படுகிறது. ஐந்து திருத்தங்கள் செய்தால் ஐந்து பழைய படிகளும் இப்போதைய படியும் சேர்ந்து ஆறு. 1.93-ஐ ஆறால் பெருக்கினால் 11.5 ஜிகாபைட்டுக்கு மேல். காணாமற்போன 10 ஜிகாபைட் இருக்குமிடம் இதுவே.

நினைவகம் போதாதபோது

மடிக்கணினியின் நினைவகம் 4 ஜிகாபைட் என்றால் 11.5 ஜிகாபைட் எவ்வாறு அதில் அடங்கும்? அடங்காது. ஆகவே மென்பொருள் ஓர் உபாயத்தைக் கையாளுகிறது. படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, உடனே வேண்டிய சதுரங்களை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கிறது. தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. இக்கோப்பைக் கிம்ப் 'ஸ்வாப்' என்றும், போட்டோஷாப் 'ஸ்கிராட்ச்' என்றும் அழைக்கின்றன.

இவ்வுபாயம் புதியதன்று. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணிப்பொறியிலேயே இது உண்டு. டாம் கில்பர்ன் தலைமையில் உருவான அப்பொறியில் விரைவான காந்த வளைய நினைவகம் ஏறத்தாழ 16,000 சொற்களுக்கே போதுமானதாயிருந்தது. மெதுவான காந்த உருளையில் ஏறத்தாழ 96,000 சொற்களுக்கு இடமிருந்தது. இரண்டும் ஒரே நினைவகம்போல் நிரல் எழுதுபவருக்குத் தோன்றும்படி அவர்கள் செய்தார்கள். எது எங்கே இருக்கிறது என்ற கவலை நிரல் எழுதுபவருக்கு இல்லாமற்போயிற்று. இன்றைய 'மெய்நிகர் நினைவக' முறைக்கு மூலம் அதுவே.

கவலை தீர்ந்தது நன்மையே. ஆனால் கவலை தீர்ந்ததோடு அறிவும் போய்விட்டது என்பதுதான் இங்கு நாம் கூற வருவது. நினைவகத்தில் ஓர் எண்ணைத் தேடி எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். சுழலும் வட்டில் தேடி எடுக்கப் பத்து மில்லி வினாடி ஆகும். பின்னது முன்னதைப்போல் லட்சம் மடங்கு. நினைவகத்திலிருந்து வட்டுக்கு வேலை இறங்கியதும் கணிப்பொறி 'தொங்கிவிட்டது' என்று மாணவர் எண்ணுகிறார். அது தொங்கவில்லை, சதுரங்களைச் சுமந்துகொண்டு நினைவகத்துக்கும் வட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறது. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டால் வேலை முழுவதும் போய்விடும்.

மதிப்பிட நான்கு கேள்விகள்

ஒரு மென்பொருள் வட்டைப் பயன்படுத்துவது குற்றமன்று. எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே கேள்வி. நான்கு கேள்விகளை அளவுகோலாகக் கொள்வோம். ஒன்று, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறேன் என்று அது சொல்கிறதா? இரண்டு, இடம் தீரும் முன் எச்சரிக்கிறதா? மூன்று, அந்த இடத்தை வேறொரு வட்டுக்கு மாற்ற வழி தருகிறதா? நான்கு, வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பித் தருகிறதா?

போட்டோஷாப்

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. மேக்கின்டாஷ் கணிப்பொறிகளுக்கு மெய்நிகர் நினைவகம் 1991-இல்தான் வந்தது. அதற்கு முன்பே தன் சொந்த ஏற்பாட்டைச் செய்துகொண்ட மென்பொருள் இது. பெரிய படங்களைச் சிறிய நினைவகத்தில் கையாளும் திறமையில் அதன் புகழ் நியாயமானதே.

முதற் கேள்விக்கு அதன் விடை: சொல்லும், ஆனால் கேட்டால்தான் சொல்லும். படத்தின் கீழ்ப்பட்டையில் 'ஸ்கிராட்ச் அளவு', 'செயல்திறன்' என இரு மானிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். செயல்திறன் 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வேலை வட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். மிகப் பயனுள்ள மானி. ஆனால் அது இயல்பாகத் தென்படுவதில்லை. பட்டியலுக்குள் சென்று தேடி எடுக்க வேண்டும். எண்ணெய் அளவுகாட்டியை இருக்கைக்கு அடியில் பொருத்திய படகு எஞ்சின் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் கேள்வியில் போட்டோஷாப் தவறுகிறது. ஸ்கிராட்ச் வட்டு நிரம்பியதால் கேட்ட வேலையை முடிக்க இயலவில்லை என்ற அதன் செய்தி உலகெங்கும் பெயர்போனது. செய்தியில் பிழையில்லை, வரும் நேரத்தில்தான் பிழை. இடம் முழுவதும் தீர்ந்தபின் 'தீர்ந்துவிட்டது' என்பதை எச்சரிக்கை என்று சொல்ல முடியாது. இப்போதைய பதிப்புகள் இயல்பாக 50 படிகள் வரை பின்னோக்கிச் செல்ல இடம் தருகின்றன. நம் ஏரிப் படத்தில் முழுப் பரப்பையும் தொடும் 50 திருத்தங்கள், எண்ணுக்கு ஒரு பைட் என்ற சிக்கனமான கணக்கிலேயே, 18 ஜிகாபைட் ஆகும். இதை முன்கூட்டியே கணக்கிட மென்பொருளுக்கு முடியும், மாணவருக்கு முடியாது. முடிந்தவர் சொல்லாமலிருப்பது முறையன்று.

மூன்றாம் கேள்வியில் நல்ல மதிப்பெண் தரலாம். விருப்பத் தேர்வுகளில் எந்த வட்டை முதலில் பயன்படுத்த வேண்டும், எதை அடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று வரிசை குறிக்கலாம். வட்டு நிரம்பி மென்பொருளே திறக்க மறுத்தாலும், விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளை அழுத்தியபடி அதைத் திறந்தால் வேறு வட்டைக் காட்ட வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் சிக்கிக்கொண்டவருக்கு இவ்வழி திரையில் சொல்லப்படுவதில்லை.

நான்காம் கேள்வியில் பாதி மதிப்பெண். படத்தை மூடினாலும், பிடித்த இடத்தைப் பெரும்பாலும் மென்பொருளை மூடும்வரை அது விடுவதில்லை. நடுவில் மின்சாரம் போய்விட்டால் தற்காலிகக் கோப்பு வட்டிலேயே தங்கிவிடக்கூடும். இதற்கெல்லாம் மேலாக, 2013 முதல் அதன் புதிய பதிப்புகளுக்கு மாதா மாதமோ ஆண்டுக்கோ சந்தா கட்ட வேண்டும் என்பதையும் குப்பத்து மாணவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிம்ப்

கிம்ப் விலையில்லாத, திறந்த மென்பொருள். கலிபோர்னியாவில் பெர்க்லி மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-இல் இதைத் தொடங்கினார்கள். 2018-இல் வந்த 2.10 பதிப்பில் எண்ணுக்கு நான்கு பைட் வைக்கும் நுண்மை சேர்ந்தது. 2025 மார்ச் மாதத்தில் 3.0 பதிப்பு வெளியாயிற்று.

முதற் கேள்விக்குக் கிம்ப்பின் விடை சற்று மேலானது. படம் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று சாளரத்தின் கீழ்ப்பட்டையில் இயல்பாகவே காட்டுகிறது. திறந்தவுடன் மாணவர் இந்த எண்ணைப் பார்த்தாலே கோப்பு விரிந்த கதை விளங்கிவிடும். 2.10 பதிப்பில் சேர்ந்த 'டாஷ்போர்டு' என்னும் பலகை, நினைவகமும் ஸ்வாப்பும் நிரம்பும் விதத்தை வரைபடமாகவே காட்டுகிறது. ஆனால் இதுவும் பட்டியலுக்குள் மறைந்து கிடப்பதே.

இரண்டாம் கேள்வியில் கிம்ப்பின் ஒரு விதியைக் குறிப்பிட்டுக் குறை கூற வேண்டியிருக்கிறது. அன்டூவுக்கு அதிகபட்சம் எவ்வளவு நினைவகம் தரலாம் என்று பயன்படுத்துவோர் குறிக்க ஓர் இடம் உண்டு. அதன் அருகிலேயே, குறைந்தபட்சம் எத்தனை படிகள் காக்க வேண்டும் என்பதும் உண்டு, இயல்பாக 5. இவ்விரண்டும் மோதினால் வெல்வது எது? குறைந்தபட்சமே. நினைவக வரம்பைத் தாண்டினாலும் ஐந்து படிகளைக் கிம்ப் விடாது. சிறு படத்துக்கு இவ்விதி மிக நல்லது. நம் ஏரிப் படத்துக்கோ, 'அதிகபட்சம்' என்று மாணவர் குறித்தது எதுவாயினும் 9.6 ஜிகாபைட் அன்டூவுக்கே ஒதுங்கிவிடும். எழுதும்போது சுருக்கி எழுதுவதால் வட்டில் இது ஓரளவு குறையலாம். எனினும் 'அதிகபட்சம்' என்று பெயரிட்ட ஓர் எண் அதிகபட்சமாக இல்லாமலிருப்பது, பயன்படுத்துவோரைத் தவறான நம்பிக்கைக்கு ஆளாக்குகிறது.

இடம் தீர்ந்தால் என்ன ஆகும்? கிம்ப்பின் பழைய பதிப்புகள், ஸ்வாப் கோப்பைப் பயன்படுத்த இயலாதபோது, படத்தின் சில பகுதிகள் சிதைந்திருக்கலாம் என்றும், வேலையை வேறு பெயரில் சேமித்துப் பார்க்கலாம் என்றும் அறிவிக்கும். நிரம்பிவிட்ட அதே வட்டில் எங்கே சேமிப்பது என்பதை அது சொல்லாது. படத்தின் சில சதுரங்கள் சிதைவது குடும்பப் புகைப்படத்தில் ஒரு வருத்தம். ஆனால் அந்தச் சதுரம் முகத்துவாரத்தின் மேல் விழுந்தால்? திறந்த வாய் மூடியதாகவும், மூடியது திறந்ததாகவும் தோன்றலாம். சான்றுக்காக எடுத்த படம் பொய்ச்சான்றாகிவிடும். வட்டில் இடம் என்பது வெறும் வசதிக் கேள்வியன்று என்று நாம் கருதுவது இதனால்தான்.

மூன்றாம் கேள்வியில் குறையில்லை. விருப்பத் தேர்வுகளில் 'ஃபோல்டர்கள்' என்ற பிரிவில் ஸ்வாப்புக்கு ஓர் இடமும், தற்காலிகக் கோப்புகளுக்கு ஓர் இடமும் தனித்தனியே குறிக்கலாம். நான்காம் கேள்வியிலும் ஒழுங்காகவே நடக்கிறது. மூடியதும் பெரும்பாலும் தன் ஸ்வாப்பைத் தானே அழித்துவிடுகிறது.

வேறொரு வகையிலும் கிம்ப் பாராட்டுக்குரியது. 2012-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, 'சேமி' என்றால் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். மற்ற வடிவங்களுக்கு 'ஏற்றுமதி' என்று தனியே கேட்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று குறை கூறினார்கள். ஆயினும் கைதவறி மூலப்படத்தின் மேல் எழுதிவிடும் ஆபத்தை இந்தத் தொல்லை குறைக்கிறது. சான்றாக வைக்க வேண்டிய படத்துக்கு இதைவிட நல்ல காவல் வேறில்லை.

அறிவுரைகளைப் பற்றியும் ஒரு சொல்

மென்பொருள்களை மட்டும் குறை கூறி விட்டுவிடுவது நியாயமாகாது. வட்டு நிரம்பினால் 'டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்' என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. ஏன், எப்போது என்ற விளக்கம் அதனுடன் வருவதில்லை.

மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் தற்காலிகக் கோப்பு குப்பையன்று. வேலையின் பாதி உடம்பே அதுதான். விண்டோஸில் அதை அழிக்க முயன்றால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று பெரும்பாலும் தடுத்துவிடும். லினக்ஸில் தடுப்பதில்லை. ஆனால் அங்கே ஒரு விந்தை: கோப்பின் பெயர் மறைந்துவிடும், அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் மூடப்படும்வரை இடமோ விடுபடாது. அழித்தும் இடம் வரவில்லையே என்று மாணவர் திகைப்பார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சுருக்கிக் கட்டிய 'ஜிப்' கோப்புக்குள் இருக்கும் படத்தை, வெளியே எடுக்காமல் அங்கேயே இருமுறை தட்டித் திறந்தால், விண்டோஸ் அதை டெம்ப் ஃபோல்டரில் ஒரு படியாக வைத்துத் திறக்கிறது. மாணவர் அதைத் திருத்தி, 'சேமி' என்று சொல்லி, நிம்மதியாக மூடுகிறார். சேமித்தது டெம்ப் ஃபோல்டரில். மறுநாள் நம் அறிவுரைப்படி அந்த ஃபோல்டரைக் காலி செய்கிறார். ஒரு நாள் உழைப்பு போயிற்று. இங்கே பழி மென்பொருளுக்கு மட்டுமன்று. காரணம் சொல்லாமல் கைவைத்தியம் சொன்னவர்களுக்கும் உண்டு.

செய்யத்தக்கவை

முதலாவது, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் போதுமென்றால் 500 x 500 புள்ளிகள். மொத்தம் இரண்டரை லட்சம். முழுத் துண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 480-இல் ஒரு பங்கு. எண்ணுக்கு ஒரு பைட் வீதம் முக்கால் மெகாபைட்டில் அடங்கிவிடும். ஏரி முழுவதும் வலை விரித்து ஓர் ஓடையின் மீனைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டியவுடன் இடம் விடுபட்டதாக எண்ணிவிடக் கூடாது. அன்டூவுக்காகப் பழைய முழுப்படம் உள்ளே காத்திருக்கும். வெட்டிய பகுதியைப் புதுப் பெயரில் சேமித்து, படத்தை மூடி, புதிய கோப்பை மறுபடி திறந்தால்தான் சுமை இறங்கும்.

இரண்டாவது, தேவைக்கு மேற்பட்ட நுண்மை வேண்டுவதில்லை. சென்டினல்-2 கருவி ஒவ்வொரு புள்ளியையும் 12 பிட் அளவில்தான் உணர்கிறது. எண்ணுக்கு இரண்டு பைட், அதாவது 16 பிட், அதற்குத் தாராளம். நான்கு பைட் வைத்தால் இடம் இரு மடங்காகும்; கருவி காணாத செய்தி எதுவும் புதிதாக வந்துவிடாது. நீர் எது, மணல் எது என்ற எல்லையை மட்டும் காண ஒரு பைட்டே பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, ஸ்வாப்பை விண்டோஸ் இருக்கும் சி டிரைவிலிருந்து, இடமுள்ள வேறு வட்டுக்கு மாற்றலாம். ஆனால் பென் டிரைவுக்கு மாற்றுவது நல்ல யோசனையன்று. யு.எஸ்.பி. 2 வழியாக ஏட்டளவில்கூட வினாடிக்கு 60 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. 9.6 ஜிகாபைட்டை ஒருமுறை எழுத அந்த வேகத்திலேயே 160 வினாடி ஆகும். நடைமுறையில் இன்னும் அதிகம். வேலை நடுவில் அதைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் போயிற்று. மூலப்படத்தை ஒரு படி எடுத்துப் பத்திரப்படுத்தப் பென் டிரைவ் நல்லது. வேலை செய்யும் களமாக அது தகாது.

நான்காவது, மூலப்படத்தை ஒருபோதும் திருத்தக் கூடாது. அது கிடைத்த நாள், எடுத்த நாள், எடுத்த கோள் ஆகியவற்றோடு தனி ஃபோல்டரில் இருக்கட்டும். திருத்திய படம் வேறு, சான்று வேறு. யாரேனும் ஐயுற்றால் மூலத்திலிருந்து அதே வேலையைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அறிவியலில் சான்று என்பதற்குப் பொருளே இதுதான்.

ஏரி கற்பிக்கும் பாடம்

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன் நன்கு படும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. எனவே எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலையிடலாம் என்பது முறை வைத்துச் சுழல்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இம்முறையை விரிவாக ஆராய்ந்தது. இதில் குறைகளே இல்லையென்று சொல்ல வரவில்லை. பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் உண்டு. அதனால் பூசல்களும் உண்டு. ஆயினும் அதன் அடிப்படை ஒன்று போற்றத்தக்கது. பொது நீரில் யாருக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதைப்பற்றி வாதாடவும், அநீதி என்று கேட்கவும் முடிகிறது.

கணிப்பொறியின் வட்டும் அப்படிப்பட்ட ஒரு பொது நீரே. படம் திருத்தும் மென்பொருள் மட்டும் அதில் வலையிடவில்லை. விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை அங்கே வைக்கிறது. இணைய உலாவி தன் சேமிப்பை அங்கே வைக்கிறது. மாணவரின் பாடக் குறிப்புகளும் அங்கேதான். ஒன்று சொல்லாமல் நிரப்பிவிட்டால் மற்ற எல்லாமே தடுமாறும். ஆகவே, இவ்விரு மென்பொருள்கள் பற்றிய நம் முடிவு இது: இடத்தைக் கையாளும் திறமையில் இரண்டும் தேர்ச்சி பெற்றவை, கையாள்வதை வெளிப்படையாகச் சொல்வதில் இரண்டும் தேர்ச்சி பெறாதவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், படத்தின் எடையைக் கண்முன் காட்டுவதாலும், மூலப்படத்தைக் காப்பதாலும், விலை கேட்காததாலும் கிம்ப்பையே மாணவருக்குச் சொல்வோம். அதன் 'அதிகபட்சம்' உண்மையில் அதிகபட்சமாக இருக்குமாறு திருத்தப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வோம்.

வலிய கணிப்பொறி வைத்திருப்பவர் இக்குறைகளை உணரவே மாட்டார். அவருக்கு வட்டு வற்றாத கடல். குறைந்த நினைவகமும் நிரம்பிய வட்டும் உடையவருக்கே மென்பொருளின் உண்மைக் குணம் தெரிகிறது. கரையிலிருந்து ஒரு மாணவர் தன் ஊர் முகத்துவாரத்தின் பத்தாண்டுப் படங்களை வரிசைப்படுத்தி, 'இதோ, இந்த மாதம் அடைபட்டது' என்று காட்ட முடிந்தால், அது அவர் தந்தை கண்ணால் கண்டதற்கு ஈடான சான்று. அவ்வேலையை முடிக்கக் கோடி ரூபாய் கணிப்பொறி தேவையில்லை. ஒரு படம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்ற கணக்கு தெரிந்தால் போதும். அக்கணக்கைக் கருவி மறைத்தாலும் நாம் கற்றுக்கொள்வோம்.